புதுப்பிப்பு: 5 வோல்ட்டிலிருந்து ±5 வோல்ட், தீர்ந்தது

யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி. கேள்வி இதுதான்: யுஎஸ்பி 5 வோல்ட்டை ஐசிஎல்7660 என்ற வோல்டேஜைத் திருப்பும் ஐசி கொண்டு மைனஸாக மாற்றி ஆப்-ஆம்புக்கு (சிக்னலைப் பெருக்கும் ஐசிக்கு) கொடுத்தால், 20 மில்லியாம்பியர் லோடில் −5 வராமல் −3.9 வோல்ட்டுக்குச் சரிந்தது ஏன்?

ஐசி பழுதில்லை. அதன் அவுட்புட் ரெசிஸ்டன்ஸே சுமார் 55 ஓம்; 1.1 வோல்ட் அங்கேயே போய்விடுகிறது. இந்த ஐசி ஒரு கெப்பாசிட்டரை உள் சுவிட்சுகளால் மாற்றி மாற்றி இணைத்துத்தான் மைனஸை உண்டாக்குகிறது; அந்த ரெசிஸ்டன்ஸில் பெரும்பகுதி சுவிட்சுகளுடையது என்பதால், கெப்பாசிட்டரைப் பெரிதாக்கியதில் கொஞ்சம்தான் மீண்டது.

பலித்தது அதே வேலை செய்யும் மேக்ஸ்660 ஐசியைப் போடச் சொன்ன யோசனை. பின் வரிசை அதேதான், அவுட்புட் ரெசிஸ்டன்ஸ் 6.5 ஓம்தான், இப்போது −4.85 வோல்ட். ஆனால் 7660 போல இன்புட்டில் 10 வோல்ட் தாங்காது, 5.5 தான் உச்சம்.

எதிர்பாராதது: ஆடியோவில் மெல்லிய விசில். மேக்ஸ்660இன் 1ஆம் பின்னைச் சும்மா விட்டால் உள்ளே துடிக்கும் ஆஸிலேட்டர் 10 கிலோஹெர்ட்ஸ், சுவிட்சுகள் மாறும் வேகம் (பம்ப்) அதில் பாதி. 5 கிலோஹெர்ட்ஸ் காதில் விழாமல் என்ன செய்யும்! 1ஆம் பின்னை 8ஆம் பின்னோடு (பிளஸ் சப்ளை) இணைத்ததும் ஆஸிலேட்டர் 80 கிலோஹெர்ட்ஸ், விசில் போயிற்று. சும்மா இருக்கும்போது இழுக்கும் கரண்ட் மட்டும் சற்றுக் கூடும்.

2, 4 பின்களுக்கு நடுவிலுள்ள கெப்பாசிட்டரின் இஎஸ்ஆர் (அதன் உள் ரெசிஸ்டன்ஸ்) அவுட்புட் ரெசிஸ்டன்ஸில் நான்கு மடங்காகக் கணக்கில் சேரும். அங்கே மலிவு எலக்ட்ரோலிட்டிக் வேண்டாம். அவுட்புட் கெப்பாசிட்டரின் பிளஸ் முனை கிரவுண்டுக்கு.