சிப் போட்ட பழைய டிரக்: கழற்றுவதா, அப்படியே ஓட்டுவதா?

கேட்டி ஆட்டுப்பண்ணை:
வணக்கம் நண்பர்களே. ஹூஸ்டனுக்கு மேற்கே கேட்டியில் இருக்கிறோம், ஊரைத் தாண்டிக் கொஞ்சம் நிலம், கொஞ்சம் ஆடு. டிரைலர் இழுக்க 2002 ஃபோர்டு எஃப்-250 ஒன்று வாங்கியிருக்கிறேன், 7.3 லிட்டர் பவர் ஸ்ட்ரோக் டீசல், ஆட்டோமேட்டிக். பணம் எல்லாம் கொடுத்து முடித்து சாவி வாங்கும் நேரத்தில்தான் விற்றவர், "சிப் இருக்கிறது, சும்மாவே தருகிறேன்" என்றார். எஞ்சின் கம்ப்யூட்டரில் செருகிச் சக்தியைக் கூட்டும் சாமான். ஸ்டீயரிங்குக்குக் கீழே ஓட்டை போட்டு, ஒன்று முதல் ஆறு வரை எண் போட்ட ஒரு திருகு சுவிட்ச் வைத்திருக்கிறார். எந்த எண் எதற்கு என்று கேட்டால் "ஒன்று சாதா, ஆறு ராக்கெட்", அவ்வளவுதான் பதில். நாலில் வைத்து மிதித்தால் வண்டி பாய்கிறது, கண்ணாடியில் பார்த்தால் பின்னால் கரும்புகை. மைலேஜும் கூடும் என்கிறார். இதை வைத்துக்கொள்ளலாமா, கழற்றிவிடலாமா? வீட்டில் கழற்றச் சொல்கிறார்கள், எனக்கு மனசு வரவில்லை.

பழைய இரும்பு:
கழற்றுங்கள் தம்பி. யோசிக்கவே வேண்டாம்.

நல்ல எஞ்சின் வாங்கியிருக்கிறீர்கள், அதில் சந்தேகமில்லை. நாவிஸ்டார் கட்டிக்கொடுத்து 2003 வரை ஃபோர்டில் வந்தது, ஒழுங்காக ஆயில் மாற்றினால் லேசில் சாகாது. ஆனால் அதில் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரை இயக்குவதே எஞ்சின் ஆயில்தான் என்பது உங்களுக்குத் தெரியுமா என்று தெரியவில்லை. தனியாக ஒரு ஹை பிரஷர் ஆயில் பம்ப் இருக்கிறது, ஸ்டார்ட் ஆகவே சுமார் 500 பிஎஸ்ஐ வேண்டும், முழு இழுவையில் 3000 பக்கம் போகும். சிப் என்ன செய்கிறது என்றால் இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரத்தை நீட்டுகிறது, அந்த ஆயில் அழுத்தத்தையும் கூடுதலாகக் கேட்கிறது, டீசல் பீய்ச்சும் நேரத்தை (டைமிங்) முன்னால் தள்ளுகிறது. இருபது வயது தாண்டிய பம்பையும் இன்ஜெக்டரையும் வைத்துக்கொண்டு இதெல்லாம் தேவையா? அதற்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் 4ஆர்100 கியர்பாக்ஸைப் பற்றி நான் இன்னும் பேசவே ஆரம்பிக்கவில்லை.

டல்லாஸ் சித்தி:
வந்துவிட்டார் பயமுறுத்த.

தம்பி, நான் பத்து வருடத்துக்கு மேல் இதே 7.3 வைத்திருக்கிறேன், சிப்போடுதான் ஓட்டுகிறேன், வீட்டுக்காரர் ஓட்டும் சின்னக் காரைவிட இதற்குச் செலவு குறைவு. உங்கள் 2002 ஆட்டோமேட்டிக்குக் கம்பெனி கொடுத்தது 250 குதிரைத்திறன். இன்ஜெக்டர் எல்லாம் கம்பெனியில் வந்ததாகவே இருந்தால் சிப் ஒன்றை மட்டும் வைத்து அதை எங்கேயோ கொண்டுபோய்விட முடியாது, முந்நூற்றைம்பது வாக்கில் நின்றுவிடும். அதை அந்த எஞ்சின் தாங்கும். நல்ல ஆளிடம் எழுதி வாங்கிய சிப் என்றால் கியர்பாக்ஸுக்கு நல்லதுகூடச் செய்யும், ஏனென்றால் கியர் மாறும்போது உள்ளே இருக்கிற ஆயில் அழுத்தத்தை (லைன் பிரஷர்) ஏற்றி, வழுக்காமல் டக்கென்று பிடிக்க வைக்கும். கம்பெனி செட்டிங்கில் அது வெண்ணெயாக மாறுகிறதே, அந்தச் சுகத்துக்குத்தான் கிளட்ச் தேய்கிறது.

ஆனால் ஒன்று, மீட்டர் இல்லாமல் ஓட்டாதீர்கள். எக்ஸாஸ்ட் சூட்டுக்கு ஒரு பைரோமீட்டர், டர்போ பூஸ்டுக்கு ஒன்று, கியர்பாக்ஸ் சூட்டுக்கு ஒன்று. உங்கள் வண்டியில் இதெல்லாம் இருக்கிறதா?

கேட்டி ஆட்டுப்பண்ணை:
ஒன்றுமே இல்லை சித்தி. இடது பக்கத் தூணில் மூன்று மீட்டர் வைக்கிற பிளாஸ்டிக் கூடு மட்டும் இருக்கிறது. மீட்டரைக் காணோம், வயர் நுனி மட்டும் தொங்குகிறது.

பழைய இரும்பு:
பார்த்தீர்களா. மீட்டரைக் கழற்றி எடுத்துக்கொண்டு சிப்பை "சும்மா" கொடுத்திருக்கிறார் மனிதர். சிப்பை வெளியில் விற்றால் காசு வருமே, அதை ஏன் எடுக்கவில்லை? அந்த பிசிஎம்முக்காக, அதாவது எஞ்சின் கம்ப்யூட்டருக்காக எழுதியது, வேறு வண்டிக்கு ஆகாது. இல்லாவிட்டால் அதை எடுத்தபோது வண்டி சரியாக ஓடவில்லை. இரண்டில் ஏதோ ஒன்று.

சித்தி தன் சிப்பைத் தானே எழுதி வாங்கியவர், ஆறு எண்ணிலும் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். இவர் கதை அப்படியா? யாருக்கோ எழுதிய மருந்துச் சீட்டை வைத்துக்கொண்டு இவர் மாத்திரை விழுங்குகிறார். முந்தைய ஆள் ஆறில் வைத்து, பின்னால் பெரிய வண்டிவீட்டையும் கட்டிக்கொண்டு, கொலராடோ எல்லையில் இருக்கும் ரட்டோன் கணவாயில் ஏறினாரா இல்லையா என்று யார் சொல்வது? அது கடல்மட்டத்திலிருந்து 7,800 அடிக்கு மேல். காற்று மெலிந்த இடத்தில் டீசலை அள்ளிக் கொட்டினால் எக்ஸாஸ்ட் சூடு எங்கே போகும் என்று உங்களுக்கே தெரியும். டர்போவுக்கு முன்னால் அளந்தால் 1250 ஃபாரன்ஹீட்டுக்கு மேல் நிற்கவிடக் கூடாது என்பதுதான் எல்லாரும் சொல்கிற கணக்கு. பிஸ்டன் அலுமினியம் சித்தி, அது உருகுவது 1220 வாக்கில்.

டல்லாஸ் சித்தி:
எக்ஸாஸ்ட் காற்றின் சூடு வேறு, பிஸ்டன் தலையின் சூடு வேறு. கீழேயிருந்து ஆயில் பீய்ச்சிக் குளிரவைத்துக்கொண்டே இருக்கிறது, 1250 வந்த நொடியில் மெழுகு மாதிரி உருகி ஓடாது. அதற்கு மேல் ஏறவே விடக் கூடாது என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை, அதனால்தான் மீட்டர் கேட்டேன். கேட்டியில் மலை எங்கே இருக்கிறது? மேம்பாலம்தான் அங்கே மலை.

பச்சை இலை:
சாக்ரமெண்டோவிலிருந்து. எஞ்சின் தாங்குமா தாங்காதா என்றே பேசுகிறீர்களே, சட்டம் என்று ஒன்று இருக்கிறது. கலிபோர்னியாவில் 1998 மாடல் முதல் வந்த, 14,000 பவுண்டுக்கு மேற்போகாத டீசல் வண்டி எல்லாவற்றுக்கும் 2010 முதல் இரண்டு வருடத்துக்கு ஒரு தரம் புகைச் சோதனை உண்டு. பானட்டைத் திறந்து, டாஷ்போர்டுக்குக் கீழே குனிந்து, கண்ணாலேயே பார்ப்பார்கள். கார்ப் (மாநிலக் காற்று வாரியம்) கொடுத்த ஈஓ எண், அதாவது அனுமதி எண், இல்லாத சாமான் ஏதாவது இருந்தால் வண்டி அங்கேயே ஃபெயில். 2021 ஜூலையிலிருந்து புதிய வண்டிகளில் மென்பொருளை யாராவது மாற்றியிருக்கிறார்களா என்றும் பார்க்கிறார்கள். வாங்கும்போதே இதையெல்லாம் கேட்டிருக்க வேண்டும்.

டல்லாஸ் சித்தி:
அவர் டெக்சாஸ்காரர் ஐயா. இங்கே டீசல் வண்டிக்குப் புகைச் சோதனையே கிடையாது. சொந்த உபயோக வண்டிக்கு வருடாந்திரப் பாதுகாப்புச் சோதனையையும் 2025 ஜனவரியோடு எடுத்துவிட்டார்கள்.

பச்சை இலை:
சோதனை இல்லை என்றால் சட்டம் இல்லை என்று ஆகிவிடுமா? சுத்தமான காற்றுச் சட்டம் ஐம்பது மாநிலத்துக்கும் பொது. 2020 நவம்பரில் இபிஏ (மத்தியச் சுற்றுச்சூழல் முகமை) ஓர் அறிக்கை விட்டது, சுமார் பத்து வருடத்தில் ஐந்தரை லட்சத்துக்கும் மேற்பட்ட டீசல் பிக்கப்களில் புகைக்கட்டுப்பாட்டைப் பிடுங்கிப் போட்டிருக்கிறார்கள் என்று. அந்தப் புகையைப் பின்னால் வருகிறவன் குழந்தைதான் இழுக்கிறது. முதல் பதிவில் இவரே சொல்லிவிட்டார், நாலில் வைத்தால் கரும்புகை என்று.

டல்லாஸ் சித்தி:
நீங்கள் சொல்கிற அறிக்கை டிபிஎஃப்பை (புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி) எல்லாம் பிடுங்குகிற ஆட்களைப் பற்றியது. 7.3இல் பிடுங்குவதற்கு டிபிஎஃப்பே கிடையாது. ஆனாலும் கரும்புகையை நான் ஆதரிக்கவில்லை, புகை என்றாலே டீசல் எரியாமல் வீணாகிறது என்று அர்த்தம். நன்றாக எழுதிய இழுவை டியூனில் (சிப்பில் இருக்கும் ஒரு செட்டிங்) புகை கண்ணுக்கே தெரியாது. இவர் நாலில் கரும்புகை வருகிறது என்றால் நாலு இழுவைக்கு எழுதியதே அல்ல, பையன்கள் சிக்னலில் சீறிக்கொண்டு கிளம்புவதற்கு எழுதியது.

நாமக்கல் லோடு:
இங்கே ஊரிலும் இந்தக் கூத்து இருக்கிறது. ஆனால் எங்கள் காமன் ரயில் வண்டிகளில் (எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே குழாயிலிருந்து டீசல் அழுத்தத்தோடு போகும்) வருவது பெரும்பாலும் வெளியே மாட்டும் பெட்டி. அந்தக் குழாயின் பிரஷர் சென்சாருக்கும் இசியுவுக்கும் (எஞ்சின் கம்ப்யூட்டர்) நடுவில் உட்கார்ந்துகொண்டு, அழுத்தம் குறைவாக இருக்கிறது என்று பொய் சொல்லும், இசியு பாவம் நம்பி அழுத்தத்தை ஏற்றும். இரண்டு கனெக்டரைப் பிடுங்கி மாற்றிச் செருகினால் வண்டி பழையபடி ஆகிவிடும், சர்வீஸுக்கு விடும் அன்று காலையில் எல்லாரும் செய்வது அதுதான். இங்கே அனுமதியில்லாமல் வண்டியை மாற்றினால் மோட்டார் வாகனச் சட்டம் 182ஏ-இல் மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இருக்கிறது, அது வேறு கதை. உங்கள் சிப் எங்கே மாட்டுகிறது, அதையும் பிடுங்கினால் போதுமா?

பழைய இரும்பு:
பிடுங்கினால் போதும், ஆனால் பிடுங்கும் முறை இருக்கிறது. டிரைவர் பக்கம், பார்க்கிங் பிரேக் பெடலுக்குப் பின்னால் பிசிஎம் இருக்கும். அதன் முதுகில் சர்க்யூட் போர்டின் ஓரம் சீப்புப்பல் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும், அதில்தான் சிப் செருகியிருக்கும். கேட்டி தம்பி, பானட்டுக்குக் கீழே இரண்டு பேட்டரி, இரண்டின் நெகட்டிவையும் கழற்றாமல் சிப்பைத் தொடாதீர்கள். சாவி ஆனில் இருக்கும்போது பிடுங்கினால் பிசிஎம்மே போய்விடும், அப்புறம் சிப்பா பிசிஎம்மா என்று பழைய இரும்புக் கடை தேட வேண்டியதுதான். (என் பெயரை யாரும் கிண்டல் செய்ய வேண்டாம்.)

கழற்றியதும் அந்தப் பற்களை டார்ச் அடித்துப் பாருங்கள். கம்பெனியில் பச்சையாக ஒரு பூச்சு பூசி அனுப்பியிருப்பார்கள். இரண்டு பக்கமும் சுத்தமாகச் சுரண்டித் துடைத்திருந்தால் தெரிந்த ஆள் கைபட்டது. திட்டுத் திட்டாகப் பூச்சு மிச்சம் இருந்தால் சிப் அரைகுறையாகத் தொட்டுக்கொண்டிருக்கிறது, நெடுஞ்சாலையில் திடீரென்று எஞ்சின் நிற்கும். பழைய 7.3 வாங்கப் போகிற மற்றவர்களுக்கும் இது உதவும். சிப் இல்லவே இல்லை என்று விற்பவர் சத்தியம் செய்தாலும் அங்கே எட்டிப் பாருங்கள். பூச்சு போயிருந்தால் ஒரு காலத்தில் சிப் இருந்தது.

கேட்டி ஆட்டுப்பண்ணை:
நிற்கிறது என்று சொன்னதும் திக்கென்றது. போன வாரம் புரூக்ஷயர் பக்கம் ஒரு தரம் நின்றது, ஓரம் கட்டி ஐந்து நிமிடம் கழித்துச் சாவி போட்டால் ஒன்றும் நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆனது. சிப்தான் காரணமா?

டல்லாஸ் சித்தி:
உடனே சிப் தலையில் போடாதீர்கள். 7.3இல் கேம்ஷாஃப்ட் பொசிஷன் சென்சார் போனாலும் இதேபோல் நிற்கும். அந்த சென்சாருக்காகவே ஃபோர்டு 2007இல் ரீகால் விட்டது. மாற்றியிருக்கிறார்களா என்று வண்டியின் வின் எண்ணை (சேசிஸ் எண்) கொடுத்து டீலரிடம் கேளுங்கள். நான் ஒரு சென்சாரும் 10 எம்எம் சாக்கெட்டும் எப்போதும் கிளவ் பாக்ஸில் வைத்திருக்கிறேன், ரோட்டோரத்திலேயே மாற்றிவிடலாம்.

அடுத்த தரம் நின்றால் ஒன்று கவனியுங்கள். சாவியைத் திருப்பியதும் "வெயிட் டு ஸ்டார்ட்" விளக்கு எரிகிறதா? எரியவில்லை என்றால் பிசிஎம் விழிக்கவே இல்லை, அப்போது சிப் தொடர்பைச் சந்தேகப்படலாம். விளக்கு எரிந்தும் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் சென்சார் பக்கம் போங்கள்.

பழைய இரும்பு:
இது சரியான பேச்சு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இதுவே என் கட்சிக்கும் சாட்சிதானே. சிப் இல்லாத வண்டி என்றால் தேட வேண்டிய இடம் ஒன்று குறையும். பழைய வண்டியில் அதுவே பெரிய லாபம்.

அப்புறம் அந்த மைலேஜ் கதை. உங்கள் வண்டியில் மேலே கூரைக் கன்சோலில் மைலேஜ் காட்டுகிறதா? அந்த எண், பிசிஎம் இவ்வளவு டீசல் ஊற்றினேன் என்று தானே போடும் கணக்கு. சிப் அந்தக் கணக்கைக் கலைத்துவிடும். நம்பாதீர்கள், டேங்க் நிரப்பி ஓட்டி மறுபடி நிரப்பிக் கணக்குப் போடுங்கள்.

டல்லாஸ் சித்தி:
கால் கனமில்லாமல் ஓட்டினால் கொஞ்சம் கூடும். என் வண்டியில் கூடியது, டேங்க் கணக்கில்தான் சொல்கிறேன். யாராலும் அப்படி ஓட்ட முடியாது என்பதுதான் நிஜம்.

சரி, சண்டையை விடுவோம். தம்பி, சிப்பைக் கழற்றியதும் அதன் மேல் ஒட்டியிருக்கும் லேபிளைப் பாருங்கள். எழுதியவர் பெயரும் எந்த பிசிஎம்முக்கு என்று நாலு எழுத்துக் குறியீடும் இருக்க வேண்டும். உங்கள் பிசிஎம்மில் ஒட்டியிருக்கும் நாலு எழுத்தும் அதுவும் ஒன்றா?

கேட்டி ஆட்டுப்பண்ணை:
இப்போதுதான் கழற்றிவிட்டு வருகிறேன், இரண்டு பேட்டரியையும் எடுத்துவிட்டுத்தான். பற்களில் ஒரு பக்கம் பளபளப்பு, மறுபக்கம் பாதிக்குமேல் பச்சை அப்படியே இருக்கிறது. பிசிஎம் குறியீடு தெளிவாகத் தெரிகிறது. சிப்பில் லேபிள் பாதி கிழிந்திருக்கிறது, முதல் இரண்டு எழுத்து மட்டும்தான் தெரிகிறது, அந்த இரண்டும் ஒத்துப்போகவில்லை. எழுதியவர் பெயர் இருந்த பகுதி இல்லவே இல்லை.

பழைய இரும்பு:
அப்புறம் என்ன.

டல்லாஸ் சித்தி:
இந்தச் சிப்பை மாட்டாதீர்கள், இதில் எனக்கும் அவருக்கும் ஒரே பேச்சுதான். பற்களைச் சுத்தம் செய்துவிட்டு சிப் இல்லாமலே ஓட்டுங்கள், ஆயிலை மாற்றுங்கள், பதினைந்து குவார்ட் பிடிக்கும், சென்சாரையும் மாற்றிவிடுங்கள். முதலில் மீட்டர் வாங்குங்கள். அதற்குப் பிறகும் ஆசை இருந்தால் உங்கள் குறியீட்டைக் கொடுத்துப் புதிதாக எழுதி வாங்கலாம், எனக்குத் தனிச் செய்தி போடுங்கள்.

பழைய இரும்பு:
தனிச் செய்தி போடாதீர்கள்.