ஏப்ரலில் வெயில் தேடி எங்கே போகலாம்?

வணக்கம் நண்பர்களே, ஏப்ரல் தொடக்கத்தில் நானும் மனைவியும் ஒரு வாரம் ஐரோப்பாவுக்குள்ளேயே வெயில் உள்ள ஊராகப் பார்த்துப் போகலாம் என்று இருக்கிறோம், இங்கே ஸ்டாக்ஹோமில் அப்போதும் கனத்த கோட்டைக் கழற்ற முடியாது.

என் மனம் ஸ்பெயினின் செவில் மேல்தான். தெருவோர ஆரஞ்சு மரங்கள் பூத்து ஊரே மணக்கும் நேரம், பகலில் 22, 23 டிகிரி, கோர்டோபாவுக்கு வேக ரயிலில் முக்கால் மணி நேரம். ஆனால் ஈஸ்டருக்கு முந்தைய வாரம் என்றால் ஊர்வலக் கூட்டமும் அறை வாடகையும் தாங்காது, அதைத் தவிர்த்தாக வேண்டும்.

மனைவிக்குக் கடல் வேண்டும். சைப்ரஸின் பாஃபோஸில் வெயில் இருந்தாலும் தண்ணீர் அப்போது சில்லென்றுதான் இருக்கும். ஸ்பெயினின் டெனெரீஃப் தீவு கொஞ்சம் பரவாயில்லை, வடக்கே மேகம், தெற்கே வெயில் என்கிறார்கள். கிரேக்கத் தீவான கிரீட்டை விட்டுவிட்டோம், அங்கே நடந்து பார்க்க நினைத்த சமாரியா பள்ளத்தாக்கு மே மாதம்தான் திறக்கும்.

போனவர்கள் சொல்லுங்கள்: டெனெரீஃபில் கார் எடுக்காமல் பஸ்ஸிலேயே சமாளிக்கலாமா? மனைவி சைவம், செவிலில் கீரையும் கொண்டைக்கடலையும் சேர்த்துச் செய்வது தவிர வேறென்ன தைரியமாகக் கேட்கலாம்? இந்த வாரத்துக்குள் டிக்கெட் போட வேண்டும், உங்கள் அனுபவம் பெரிய உதவியாக இருக்கும்.