தயிரைக் கொதிக்கவிட்டால் பலன் உண்டா? புரோபயாடிக், ப்ரீபயாடிக் உணவு பற்றிச் சில சந்தேகங்கள்

முளைப்பயறு:
மாத்திரை எதுவும் வேண்டாம், தினசரி சாப்பாட்டிலேயே புரோபயாடிக் (குடலுக்கு நல்லது செய்யும் உயிருள்ள கிருமி), ப்ரீபயாடிக் ரெண்டையும் சேர்க்கணும். எதை எவ்வளவில் ஆரம்பிக்கலாம்? தயிரைச் சமையலில் ஊத்திக் கொதிக்கவிட்டா பலன் மிஞ்சுமா? முட்டைகோஸை உப்பில் நொதிக்க வைக்கும்போது மேலே வெள்ளையா ஆடை கட்டினா கொட்டிடணுமா?

உறைமோர்:
மிஞ்சாது. 60 டிகிரியைத் தாண்டினாலே தயிர் பாக்டீரியா சாக ஆரம்பிச்சிடும். புரதமும் கால்சியமும் அப்படியே இருக்கும், உயிருள்ள கிருமி இருக்காது. அடுப்பிலிருந்து இறக்கி, கை பொறுக்கும் சூட்டுக்கு வந்தப்புறம் கலக்குங்க.

வீட்டில் உறை ஊத்துறதா இருந்தா, ஒரு லிட்டர் பாலை 85 டிகிரி வரை காய்ச்சி, 43-45 டிகிரிக்கு ஆறவிட்டு, 2 மேசைக்கரண்டி தயிர் கலந்து 6-8 மணி நேரம் ஆட்டாம அசைக்காம வையுங்க. பால் சரியா காயலைன்னா தயிர் கெட்டியா உறையாது, தண்ணி விடும். பால் சூடா இருக்கும்போதே உறை ஊத்தினா உறையே செத்துப்போகும். பலரும் தப்பு பண்றது இங்கேதான்.

இன்னொண்ணு: நொதிச்சதெல்லாம் புரோபயாடிக் இல்லை. ரொட்டி மாவும் நொதிச்சதுதான், ஆனா வெந்து வெளியே வரும்போது அதில் உயிரோட எதுவும் கிடையாது.

நார்ச்சத்து:
ப்ரீபயாடிக் பக்கம் நான் சொல்றேன். அது கிருமி இல்லை, கிருமிக்குத் தீனி. வெங்காயம், பூண்டு, லேசா பச்சையா இருக்கிற வாழைப்பழம், ஓட்ஸ், பருப்பு வகைகள். சிறுகுடலில் செரிக்காம பெருங்குடலுக்குப் போய் அங்கே நொதிக்கும். வாயு வர்றது அதனாலதான். முதல் வாரம் தினம் கால் வெங்காயம் அல்லது அரை வாழைப்பழம், ஏதாவது ஒண்ணு மட்டும். வயிறு ஏத்துக்கிட்டா அடுத்த வாரம் இரட்டிப்பாக்குங்க. எல்லாத்தையும் ஒரே நாளில் ஆரம்பிச்சா உப்புசம் எதனாலன்னே கண்டுபிடிக்க முடியாது.

வேகவைத்த உருளைக்கிழங்கை ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜில் வெச்சா மாவுச்சத்தில் ஒரு பகுதி செரிக்காத வகையா மாறும். மறுநாள் சூடாக்கினாலும் அது முழுசா போயிடாது. சோறுக்கும் இதே கணக்குதான், ஆனா ஒரு மணி நேரத்துக்குள்ள ஃப்ரிட்ஜுக்குப் போயிடணும். வெளியே கிடந்த சோற்றில் பேசில்லஸ் செரியஸ்ங்கிற பாக்டீரியா வளர்ந்து விடுற நச்சு, திரும்பச் சூடாக்கினாலும் அழியாது.

ஐபிஎஸ் (IBS, வயித்துவலி, உப்புசம், பேதி, மலச்சிக்கல்னு அடிக்கடி வர்ற குடல் தொந்தரவு) இருக்கிறவங்களுக்கு வெங்காயமும் பூண்டும் ஒத்துக்காம போகலாம். அதிலுள்ள ஃப்ரக்டான்ங்கிற நார்ச்சத்து தண்ணியில் கரையும், எண்ணெயில் கரையாது. அதனால பூண்டை எண்ணெயில் வதக்கி எடுத்துப் போட்டுட்டா வாசனை மட்டும் கிடைக்கும்.

உப்புஜாடி:
ஆடை தட்டையா, வெள்ளையா, சுருக்கம் விழுந்து இருந்தா அது ஈஸ்ட். வழிச்சு எடுத்துட்டுச் சாப்பிடலாம். பஞ்சு மாதிரி மயிர் எழும்பியிருந்தாலோ, பச்சை, நீலம், கறுப்புன்னு நிறம் தெரிஞ்சாலோ ஜாடியோட கொட்டுங்க, மேல்பகுதியை மட்டும் வெட்டி எடுத்தா போதாது.

1 கிலோ கோஸுக்கு 20 கிராம் உப்பு. கரண்டிக் கணக்கு வேண்டாம், தராசில் நிறுத்துப் போடுங்க. கல்லுப்பும் தூளுப்பும் ஒரே கரண்டியில் ஒரே எடை வராது. சாறு விடும் வரை பிசைஞ்சு, ஜாடியில் அமுக்கி, மேலே பாரம் வையுங்க. சாற்றுக்கு மேலே ஒரு இழை நீட்டிக்கிட்டு இருந்தாலும் பூஞ்சணம் அங்கேதான் பிடிக்கும். 18-22 டிகிரி நல்லது. சூடு கூடினா கோஸ் கொழகொழன்னு ஆயிடும். முதல் சில நாள் மூடியைத் தினம் லேசா திறந்து வாயுவை விடுங்க. ஒரு வாரத்தில் ருசி பாருங்க, புளிப்பு போதும்னா ஃப்ரிட்ஜ்.

இப்படி நொதிக்க வெச்ச 50 கிராம் கோஸிலேயே ஏறக்குறைய 1 கிராம் உப்பு இருக்கு. ரத்தக்கொதிப்பு உள்ளவங்க ஒரு மேசைக்கரண்டியோட நிறுத்திக்கங்க.

முளைப்பயறு:
நன்றி. பிசைஞ்சும் சாறு மூழ்கும் அளவுக்கு வரலைன்னா?

உப்புஜாடி:
கொதிச்சு ஆறின தண்ணி 1 லிட்டருக்கு 20 கிராம் உப்பு கரைச்சு, மூழ்கும் வரை ஊத்துங்க. வெறும் தண்ணி ஊத்தினா உப்பு நீர்த்துப்போய் கோஸ் அழுகிடும்.