புதிதாக வந்த சிப்பிப்பாறைக் குட்டிக்கு இருமலும் மூக்கொழுகலும்: வீட்டில் எப்படிக் கவனிப்பது?

கேள்வி (திருமங்கலம்)

ஏழு வார வயதுள்ள சிப்பிப்பாறைக் குட்டி ஒன்றை அண்மையில் வாங்கி வந்தோம். வந்த சில நாட்களிலேயே வறட்டு இருமல் தொடங்கிவிட்டது. தொண்டையில் முள் சிக்கியதுபோல் கழுத்தை நீட்டிக் கமறி, கடைசியில் சிறிது வெள்ளை நுரையைக் கக்குகிறது. மூக்கிலிருந்து தெளிந்த நீர் வடிகிறது. ஆனால் விளையாடுகிறது, ஓரளவு சாப்பிடவும் செய்கிறது. கால்நடை மருத்துவர் இது கென்னல் காஃப் (நாய்களிடையே எளிதில் தொற்றும் இருமல் நோய்) ஆக இருக்கக்கூடும் என்று கூறி, ஆன்டிபயாடிக் சிரப் எழுதிக்கொடுத்து, முதல் தடுப்பூசியைத் தள்ளிவைத்திருக்கிறார். சாம்பிராணி போட்டு, நெஞ்சில் தைலம் தடவினால் சளி இளகும் என்கிறார் என் மாமியார். இவற்றைச் செய்யலாமா? வீட்டில் ஏற்கெனவே இருக்கும் ஐந்து வயது நாயை என்ன செய்வது?

மறுமொழி 1 (ஈரோடு)

சாம்பிராணி, கொசுவர்த்திச் சுருள், ஊதுபத்தி ஆகிய மூன்றையும் குட்டி இருக்கும் பக்கம் கொண்டுபோகாதீர்கள். கென்னல் காஃபை உண்டாக்கும் கிருமிகளில் முதன்மையானது போர்டெடெல்லா என்னும் பாக்டீரியா. குழந்தைகளுக்குக் கக்குவான் இருமலைத் தரும் கிருமிக்கு நெருங்கிய உறவு. மூச்சுக்குழாயின் உட்சுவரில் சளியை மேலே தள்ளிக்கொண்டிருக்கும் நுண்ணிய மயிரிழைகளில் ஒட்டிக்கொண்டு அவற்றைச் செயலிழக்கச் செய்வதுதான் அதன் வேலை. ஏற்கெனவே புண்பட்டிருக்கும் அந்தக் குழாய்க்குள் புகையும் சென்றால் இருமல் கூடத்தான் செய்யும். தைலமும் வேண்டாம். குட்டி அதை நக்கி விழுங்கும். கற்பூரமும் யூகலிப்டஸ் எண்ணெயும் நாய்களுக்கு நஞ்சு.

சளி இளக வேண்டுமென்றால், குளியலறைக் கதவைச் சாத்தி, வாளியில் வெந்நீரைப் பிடித்து, அந்த ஈரக்காற்றில் குட்டியை மடியில் வைத்துக்கொண்டு பத்து நிமிடம் உட்கார்ந்திருங்கள். நாம் ஆவி பிடிப்பதுபோல் போர்வையால் மூடக் கூடாது. வாளி குட்டிக்கு எட்டாத தொலைவில் இருக்க வேண்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, அது அயர்ந்து தூங்கும்போது மூச்சை எண்ணுவது. விலா ஒருமுறை ஏறி இறங்கினால் ஒன்று. நிமிடத்துக்கு நாற்பதைத் தாண்டிக்கொண்டே இருந்தாலோ, மூச்சு விடும்போது வயிறு உள்ளிழுத்தாலோ, ஈறு இளஞ்சிவப்பு மாறி வெளுத்தோ நீலம் பாரித்தோ தெரிந்தாலோ, நுரையீரலில் நிமோனியா பிடித்திருக்கக்கூடும்; விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

மறுமொழி 2 (நாகர்கோவில்)

உணவைப் பற்றியும் சொல்ல வேண்டும். மூக்கடைத்த குட்டிக்கு வாசனை தெரியாது. வாசனை தெரியாவிட்டால் அது சாப்பிடாது. இந்த வயதில் ஒரு நாள் பட்டினி கிடந்தாலே இரத்தத்தில் சர்க்கரை இறங்கிச் சோர்ந்து விழுந்துவிடக்கூடும். உப்பு, வெங்காயம், பூண்டு எதுவும் சேர்க்காமல் வேகவைத்த கோழியின் சாற்றில் சோற்றைக் குழைத்து, வெதுவெதுப்பாக, சிறிது சிறிதாக நான்கைந்து வேளை கொடுங்கள். மூக்கு நுனியில் காய்ந்திருக்கும் சளியை ஈரப் பஞ்சால் துடைத்துவிட்டுத் தட்டை வைத்தால் பெரும்பாலும் சாப்பிடும். பசும்பால் பல குட்டிகளுக்கு வயிற்றுப்போக்கைத் தரும் என்பதால் அதைத் தவிர்த்துவிடுங்கள்.

வீட்டில் இருக்கும் பாராசிட்டமாலையோ இருமல் சிரப்பையோ நீங்களாகக் கொடுக்காதீர்கள். ஆன்டிபயாடிக்கை மருத்துவர் சொன்ன நாள்வரை முழுதாகக் கொடுங்கள். இருமல் நின்றுவிட்டதே என்று பாதியில் நிறுத்துவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. குளிப்பாட்டுவதும் இப்போதைக்கு வேண்டாம். கழுத்துப்பட்டையைக் கழற்றிவிடுங்கள், அது அழுத்தினாலே இருமல் கிளம்பும்.

மறுமொழி 3 (வேலூர்)

மேலே உள்ளவற்றில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால் தடுப்பூசி போடாத குட்டி என்பதால், கென்னல் காஃப்தான் என்று இப்போதே மனத்தைத் தேற்றிக்கொள்ள வேண்டாம். நாய்களின் உயிரையே பறிக்கக்கூடிய வைரஸ் நோயான டிஸ்டெம்பரும் தொடக்கத்தில் இப்படித்தான் மூக்கொழுகலாகவும் இருமலாகவும் வரும். தெளிந்த நீர் மஞ்சளாகவோ பச்சையாகவோ கெட்டிப்பட்டு, கண்ணிலும் பீளை கட்டி, காய்ச்சலுடன் வாந்தியோ வயிற்றுப்போக்கோ சேர்ந்தால் உடனே காட்டி, டிஸ்டெம்பர் பரிசோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கள். தாடை தானாக மெல்லுவதுபோல் அசைவதும் தசை வெட்டி இழுப்பதும் பின்னாளில் வரும் நரம்பு அறிகுறிகள். சளி குறைந்து சில வாரங்கள் கழித்துக்கூட அவை தலைகாட்டுவதுண்டு. டிஜிட்டல் தெர்மாமீட்டரின் முனையில் வாசலின் தடவி, ஆசனவாயில் வைத்துப் பாருங்கள். நாய்க்கு 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இயல்பு. நம் கணக்கில் அதைக் காய்ச்சல் என்று எண்ணிப் பதற வேண்டாம். 103-ஐத் தாண்டினால் மருத்துவரை அழையுங்கள்.

கேட்டவர்

மிக்க நன்றி. தூக்கத்தில் மூச்சு முப்பதுக்குள் இருக்கிறது, காய்ச்சல் இல்லை. சாம்பிராணியை மாமியாரே மாடிப் பூசையறைக்கு மாற்றிக்கொண்டார். பெரிய நாய்க்கு ஆண்டுதோறும் தடுப்பூசி போட்டு வருகிறோம், அது போதுமா?

மறுமொழி 3 (வேலூர்)

டிஸ்டெம்பரைப் பொறுத்தவரை பெரும்பாலும் போதும். ஆனால் வழக்கமாகப் போடும் கூட்டுத் தடுப்பூசியில் போர்டெடெல்லா அடங்காது. அதற்கு மூக்கில் விடும் தடுப்பு மருந்து தனியாக உண்டு. ஆகவே இரண்டையும் வேறு வேறு அறையில் வையுங்கள், தட்டும் தண்ணீர்க் கிண்ணமும் தனித்தனியாக இருக்கட்டும், குட்டியைத் தொட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுப் பெரியதிடம் போங்கள். நலமான பிறகும் சில நாய்கள் பல வாரங்கள் கிருமியை வெளிவிடும் என்பதால், இருமல் அடங்கி இரண்டு வாரமாவது கழித்துச் சேர்த்துவிடலாம். குட்டியின் தள்ளிப்போன தடுப்பூசிக்கு மருத்துவரிடம் இப்போதே நாள் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பதினாறு வார வயது ஆகும்வரை மூன்று, நான்கு வாரத்துக்கு ஒருமுறை அதைத் தொடர வேண்டும்.