மறுமொழி: ‘சேமக்கலம்’ பொருந்துமா? மாதிரிப் போர்க்கப்பலின் வாயு உறுப்புக்கு ஒரு பெயர்

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். ரேடியோக் கட்டுப்பாட்டில் இயங்கி, குளத்து நீரில் ஒன்றையொன்று சுட்டு மூழ்கடிக்கும் மாதிரிப் போர்க்கப்பல்களைப் பற்றித் தமிழில் கையேடு எழுதும் அன்பர், முதற்கப்பல் கட்டுபவர் தேர்ந்தெடுக்க வேண்டிய உறுப்புகளின் பட்டியலை அனுப்பிப் பெயர்கள் கேட்டிருந்தார். பெரும்பாலானவற்றில் நமக்குள் வேறுபாடு இல்லை. பீரங்கி சுடுவதற்கு வேண்டிய வாயுவைப் பிடித்து வைக்கும் ‘அக்குமுலேட்டர்’ என்ற ஒன்றே ஒன்றில் மட்டும் நான் உடன்பட இயலவில்லை. அதற்கு நண்பர் ஒருவர் இப்படி எழுதியிருந்தார்:

> அக்குமுலேட்டருக்குச் சேமக்கலம் என்றே இடலாம். பாடநூல்களில் ஏற்கெனவே உள்ள சொல்தானே?

பாடநூல்களில் உள்ளது என்பதே இங்கே தடையாகிறது. ‘காரீய அமிலச் சேமக்கலம்’ என்று படித்து வளர்ந்த வாசகருக்கு அச்சொல் மின்சாரத்தோடு ஒட்டியது. இந்தக் கப்பலிலோ இரண்டும் அருகருகே இருக்கின்றன: மோட்டார்களையும் நீரிறைப்பியையும் ஓட்டும் மின்கல அடுக்கு ஒன்று; பீரங்கியை ஒட்டி அமைந்து, அழுத்தப்பட்ட வாயுவைப் பிடித்து வைத்திருக்கும் சிறு கலம் மற்றொன்று. பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போகும் ஒருவர் இவ்விரண்டையும் குழப்பிக்கொண்டால், அது வெறும் சொற்பிழையாக முடியாது. காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

1970-களின் இறுதியில் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் தோன்றிய இவ்விளையாட்டில், இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியைச் சேர்ந்த உண்மையான போர்க்கப்பல்களை 1:144 அளவில் கட்டுகிறார்கள். நீளம் 144-இல் ஒரு பங்காகக் குறையும்போது எடை 144 × 144 × 144, அதாவது 29,85,984-ஆல் வகுபடுகிறது. தொடக்கக்காரர்கள் விரும்பிக் கட்டும் கப்பல்களுள் ஒன்று, 1907-இல் வெள்ளோட்டம் விடப்பட்ட பிரிட்டனின் ‘இன்வின்சிபிள்’. அது ஏறத்தாழ 173 மீட்டர் நீளமும் 17,500 டன் எடையும் கொண்டிருந்தது. அதன் மாதிரி 1.2 மீட்டர் நீளம், ஆறு கிலோவுக்குச் சற்றுக் குறைவான எடை என்ற அளவில் நின்றுவிடும். இந்த எடைக்குள் கூடு, மோட்டார், வாயுக்குப்பி, பீரங்கிகள், மின்கலம் எல்லாம் அடங்க வேண்டும். 6 வோல்ட்டு, 12 ஆம்பியர்-மணி கொண்ட காரீய அமில மின்கலம் ஒன்றே ஏறத்தாழ இரண்டு கிலோ இருக்கும். மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கை அதுவே விழுங்கிவிடுகிறது. பலர் லித்தியம் இரும்பு பாஸ்பேட் மின்கலத்துக்கு மாறியதற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம். ஐயாயிரம் டன் எடையுள்ள இலகுரகக் குரூசரை ஆசைப்பட்டு முதற்கப்பலாக எடுப்பவருக்கு ஒன்றே முக்கால் கிலோகூடக் கிடைக்காது என்பதையும் கையேட்டில் தவறாமல் சேர்க்குமாறு ஆசிரியரை வேண்டுகிறேன். இவ்வாறு ஒவ்வோர் உறுப்பையும் எடைபோட்டு வாங்க வேண்டிய பட்டியலில் மின்கலத்துக்கும் வாயுக்கலத்துக்கும் ஒரே பெயர் இருப்பது சரியாகாது.

இனி அந்த உறுப்பின் வேலை. குப்பியில் கரியமில வாயு நீர்ம வடிவில் இருக்கிறது. அறை வெப்பநிலையில் அதன் அழுத்தம் ஏறத்தாழ 850 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அளவு). அதனை அழுத்தச் சீராக்கி 150 பி.எஸ்.ஐ.க்கு மிகாமல் குறைத்து மெல்லிய குழாய் வழியே அனுப்புகிறது. ஆனால் அக்குழாயில் வாயு வரும் வேகம் ஓர் எஃகுக் குண்டைப் பால்சா பலகை துளைபடும் அளவுக்குத் தள்ளப் போதாது. தெருக்குழாயில் நீர் நூலாக வந்தாலும் அண்டாவில் பிடித்து வைத்துவிட்டால் ஒரே வீச்சில் கவிழ்க்கலாம் அல்லவா? அந்த அண்டாதான் இந்தச் சிறு கலம். சர்வோ என்ற சிறு இயக்கி தள்ளும் வால்வோ, மின்காந்தத்தால் திறக்கும் வரிச்சுருள் வால்வோ திறந்தவுடன், அதில் நிறைந்திருக்கும் வாயு முழுவதும் நொடிப்பொழுதில் பீரங்கிக் குழலுக்குள் பாய்ந்துவிடுகிறது. கலம் மிகச் சிறியதாயின் குண்டு தளர்ந்து விழும். தேவைக்கு மேல் பெரியதாயின் குப்பி விரைவில் தீரும். எனவே தொடக்கக்காரர் கவனித்துத் தேர்ந்தெடுக்க வேண்டிய உறுப்புகளுள் இதுவும் ஒன்று.

இதுவரை வந்த முன்மொழிவுகளில் ‘வாயுக்கிடங்கு’ அளவில் பெரிதாகத் தொனிக்கிறது. நீண்டநாள் இருப்பு என்ற எண்ணத்தையும் தருகிறது. ‘வாயு அறை’ என்றால் குண்டு வந்து அமரும் குண்டறையோடு மயங்கும். ‘வளித்தேக்கி’ எனக்கு முதலில் பிடித்திருந்தது. மின்னேற்றத்தைப் பிடித்து வைத்து ஒரேயடியாக விடுவிக்கும் உறுப்பைத் தமிழ்நாட்டில் மின்தேக்கி என்கிறோம், செயலும் ஒத்திருக்கிறது. இலங்கைப் பாடநூல்களில் அதற்குக் கொள்ளளவி என்ற பெயர் இருந்தாலும், நீர்த்தேக்கம் இரு நாட்டாருக்கும் பழகிய சொல்லாதலால் ‘தேக்கி’ எவருக்கும் புரியும். சிக்கல் ‘வளி’யில் இருக்கிறது. இலங்கையில் வளி என்றால் நாம் மூச்சுவிடும் காற்று. இந்தக் கலத்திலோ காற்று இல்லை. ‘வாயுத்தேக்கி’ என்று மாற்றினால் அந்தக் குறை நீங்கும். ஆனால் வாயுக்குப்பியும் ஒரு வாயுத்தேக்கிதானே என்ற கேள்வி உடனே எழும்.

ஆகவே உள்ளிருப்பதை விட்டுவிட்டு, எதற்காகத் தேக்கப்படுகிறது என்பதைப் பெயரில் வைக்கலாம் என்று கருதி, ‘வேட்டுத்தேக்கி’ என்ற சொல்லை முன்மொழிகிறேன். ஒரு வேட்டுக்கு வேண்டியதைத் தேக்குவது என்பது பொருள். அதனால் குப்பியும் மின்கலமும் வேறு, இது வேறு என்பது சொல்லிலேயே தெரிந்துவிடுகிறது. வேட்டு என்றதும் வெடிமருந்து நினைவுக்கு வரும் என்ற மறுப்பு வரக்கூடும். இங்கே வெடிமருந்து இல்லை என்பது உண்மையே. ஆயினும் கரையில் நிற்போர் அனைவரும் பாதுகாப்புக் கண்ணாடி அணிந்தே ஆக வேண்டிய விளையாட்டில், பெயர் சிறிது அச்சமூட்டினால் நான் வருந்தமாட்டேன்.

அடுத்து, பாய்வைக் குறைக்கும் ரெஸ்ட்ரிக்டர். இப்பெயர் இக்கப்பலில் இரண்டு இடங்களில் வருகிறது, இரண்டின் நோக்கமும் வேறு. வேட்டுத்தேக்கிக்கு முன்னால் வாயு மெல்ல நிரம்பும்படி செய்வது ஒன்று. அது கட்டுபவரின் வசதிக்கேற்பத் திருகிச் சரிசெய்வது. நீரிறைப்பியின் வெளிவாயில் அமைவது மற்றொன்று, அது விதி. எல்லாக் கப்பல்களும் ஒரே 0.177 அங்குலக் குண்டுகளைச் சுடும் ‘பாஸ்ட் கன்’ பிரிவில் அவ்வெளிவாய் 1/8 அங்குல விட்டத்துக்கு மேல் இருக்கக் கூடாது. எவ்வளவு வலிய மோட்டாரைப் பொருத்தினாலும் அத்துளை விடும் நீர்தான் வெளியேறும். பட்ட துளைகள் பெருகினால் கப்பல் மூழ்கியே தீரும். ஒன்றைச் ‘செலவு திருகி’ (செலவு என்பது இங்கே செல்லுதல்) என்றும் மற்றொன்றை ‘அளவுவாய்’ என்றும் பிரித்துவிடலாம். பின்னதில் எனக்கு ஐயமில்லை. முன்னதைப் பணச்செலவோடு சேர்த்துப் படித்துவிடுவார்களோ என்ற தயக்கம் இருப்பதால் வேறு சொல் இருந்தால் மகிழ்வேன்.

கப்பல் கூட்டின் குறுக்குச் சட்டங்களுக்கு ‘விலா எலும்பு’ என்று எழுதியிருப்பதை மாற்றிவிடுங்கள். மரக்கலம் கட்டுவோரிடம் ‘வங்கு’ என்ற சொல் இருக்கும்போது உடற்கூற்றியலுக்குப் போவானேன்? குண்டு வங்கில் பட்டால் துளைக்காது என்பதால் வங்கின் அகலத்துக்கும் இடைவெளிக்கும் விதி இருக்கிறது. அந்தப் பகுதியில் இச்சொல் பலமுறை வரும், சுருக்கமாகவும் இருக்கும். அதேபோல் அடிமரத்துக்கு ஏரா, முன்புறத்துக்கு அணியம், திருப்பும் பலகைக்குச் சுக்கான். சர்வோ, ரிசீவர், மோட்டார் ஆகியவற்றைத் தொட வேண்டாம். கடையில் அப்பெயர் சொல்லித்தான் வாங்க வேண்டும்.

பீரங்கியின் அளவை உண்மைக் கப்பலுக்கேற்ப மாற்றும் ‘பிக் கன்’ பிரிவையும் கையேட்டில் சேர்ப்பதாக இருந்தால், அங்கே ஒரே கப்பலில் வெவ்வேறு கொள்ளளவுள்ள வேட்டுத்தேக்கிகள் தேவைப்படலாம். அப்போது ‘பெரு’, ‘சிறு’ என்ற அடைகள் போதுமா, கன அளவையே எண்ணால் குறிப்பதா என்பதை ஆசிரியர் தெரிவித்தால் பட்டியலை முடித்துவிடலாம்.

அன்புடன்.