சிரட்டை வேலைக்குப் பற்றரியில் ஓடும் மினி கிறைண்டர் தாங்குமா?

சிரட்டைக்காரி (விசுவமடு)

எல்லோருக்கும் வணக்கம். நான் சிரட்டையில் தோடு, பென்டன், சின்னக் கரண்டி செய்து விற்கிறேன். இதுவரை எல்லாம் கைவேலைதான். இரும்பு வாள் பிளேட்டால் வெட்டி, உடைந்த கண்ணாடித் துண்டால் தும்பைச் சுரண்டி, சாண்ட் பேப்பரால் உரஞ்சி, கடைசியில் தேங்காய் எண்ணெய். அம்மம்மா காலத்தில் பிராய் இலையால் உரஞ்சுவார்களாம்.

ஒரு சோடித் தோடு முடிக்க ஒரு பின்னேரம் முழுக்கப் போய்விடுகிறது. வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கலுக்குக் கடை போடும் அக்கா ஒருவர் ஐம்பது சோடி கேட்டிருக்கிறார். என் விரல் நுனிகளில் இப்போதே ரேகை இல்லை.

பேனை மாதிரிக் கையில் பிடிக்கிற, வயர் இல்லாத ரோட்டரி டூல் ஒன்று வாங்கலாமா என்று யோசிக்கிறேன். நான் வேலை செய்யும் கொட்டிலில் பிளக் இல்லை. வீட்டிலிருந்து வயர் இழுத்தால் கோழியும் பிள்ளைகளும் தடுக்கி விழுவார்கள். பற்றரி மெஷினுக்கு சிரட்டையை உரஞ்சப் பலம் இருக்குமா? அதோடு வரும் நூறு முனைகளில் எது எனக்கு உண்மையில் தேவை?

பரந்தன் பொடியன்

அக்கா, ஒன்லைனில் மலிவாகக் கிடைத்ததே என்று நான் ஒன்று எடுத்தேன். பெட்டி நிறைய முனை, மெஷினைவிடப் பெட்டி பாரம். இரண்டு மாதத்தில் பற்றரி செத்தது. உள்ளுக்கே வைத்து ஒட்டியது, மாற்றவும் வழியில்லை. முனை வேறு ஆடிக்கொண்டே இருந்தது. வயர் உள்ளதை வாங்குங்கள், கோழியைக் கட்டி வையுங்கள்.

ஒற்றைக்கால் கொக்கு (மாங்குளம்)

தம்பி சொல்வதில் பாதி சரி. மீதிக்கு நான் வருகிறேன்.

தங்கச்சி, நான் இந்த மெஷினை வாங்கியது கைவேலைக்கு அல்ல, என் காலுக்கு. இடது கால் முழங்காலுக்குக் கீழே பிளாஸ்டிக். அதன் மேல் விளிம்பு ஒரு இடத்தில் கடித்துக்கொண்டே இருந்தது. பட்டறைக்குப் போய்வர ஒரு நாள் வேண்டும், பஸ்ஸில் ஏறி இறங்குவதும் பெரும்பாடு. நானே தேய்த்துவிடலாம் என்று நினைத்து, முழு வேகத்தில் வைத்து அழுத்தினேன். பிளாஸ்டிக் தேயவில்லை, உருகியது. விளிம்பு முழுக்கப் பல்லி முட்டை மாதிரி உருண்டை உருண்டையாக ஒட்டிக்கொண்டது. முன்பு ஒரு இடத்தில் கடித்தது, பிறகு ஏழு இடத்தில் கடித்தது. கடைசியில் அதே பஸ்ஸில் ஏறிப் போனேன். அங்கே இருந்த பிள்ளை ஒன்றும் பேசவில்லை, கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். அவ்வளவுதான்.

அன்றைக்குப் படித்த பாடம்தான் உங்கள் சிரட்டைக்கும். இந்த மெஷினிடம் இருப்பது வேகம், பலம் இல்லை. வயர் உள்ளதற்கே பலம் குறைவு, பற்றரியில் ஓடுவதற்கு இன்னும் குறைவு. அழுத்தினால் மோட்டார் திக்கும், சிரட்டை கருகும், பற்றரி தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும். முனை மேலே தொட்டும் தொடாமலும் போக வேண்டும். ஒரு இடத்தில் நிற்கவே கூடாது. கருகல் மணம் வந்தால் கை அழுத்துகிறது என்று அர்த்தம்.

அதனால் வட்டம் வெட்டுவதை இதில் செய்யாதீர்கள். உங்கள் இரும்பு வாள் பிளேட்டே அதற்கு நல்லது. வாள் வேலை முடிந்த பிறகு விளிம்பைச் சீராக்க, தும்பை எடுக்க, உள்பக்கத்தை மழிக்க, துளை போட, கோலம் கீற, மினுக்க இதை எடுங்கள். ஒரு பின்னேரத்தில் ஒரு சோடி செய்கிற நீங்கள் நாலைந்து சோடி செய்யலாம். ஐம்பது சோடிக்கு அது போதும்.

எந்த மெஷின் என்றால், யூஎஸ்பியில் சார்ஜ் ஆகும் சின்னது ஒரு வகை. நல்ல கம்பனியின் சின்ன மெஷின் நிமிடத்துக்கு 8,000 முதல் 25,000 சுற்று வரை போகும். கீறல் வேலைக்கும் தோட்டுக்கும் காணும். பவர் பேங்கிலும் சார்ஜ் போடலாம். 2022 பங்குனிக் கடைசியில் 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினார்களே, அந்த நாட்களில் அதை வைத்துத்தான் நான் பொழுதைப் போக்கினேன். ஆனால் தொடர்ந்து உரஞ்சினால் அரை மணித்தியாலத்துக்குள் களைத்துவிடும். அடுத்தது, பற்றரியைக் கழற்றி மாற்றும் 12 வோல்ட் வகை. 30,000 சுற்றுக்கு மேலேயும் போகும், ஆனால் கையில் பாரம். நீங்கள் விற்பனைக்குச் செய்வதால் இரண்டு பற்றரியோடு இதைத்தான் எடுக்கச் சொல்வேன். ஒன்று வேலை செய்யும்போது மற்றது வீட்டுக்குள் சார்ஜில் இருக்கட்டும். தகரக் கொட்டிலுக்குள் மத்தியானம் சார்ஜ் போட வேண்டாம். 45 பாகைக்கு மேல் சூட்டில் சார்ஜ் ஏற்றினால் லித்தியம் பற்றரி கெட்டுப்போகும். நம் தகரத்தின் கீழ் சித்திரையில் எவ்வளவு கொதிக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

கடையில் "ட்ரெமல் தாருங்கள்" என்று கேட்டால் ஏதோ ஒன்றைத் தருவார்கள். அது 1932இல் அமெரிக்காவில் தொடங்கிய ஒரு கம்பனியின் பெயர், இப்போது இந்தச் சாமானுக்கே பெயராகிவிட்டது. பெயரை விடுங்கள், முனையின் தண்டு எவ்வளவு தடிப்பு என்று கேளுங்கள். 3.2 மில்லிமீற்றர், 3 மில்லிமீற்றர், 2.35 மில்லிமீற்றர் என்று மூன்று வகை கலந்து கிடக்கிறது. 3.2 கொலட்டில், அதாவது தண்டை இறுக்கிப் பிடிக்கும் வாயில், 3 தண்டைப் போட்டால் சரியாகப் பிடிக்காது. பரந்தன் தம்பியின் முனை ஆடியது அதனாலாக இருக்கலாம்.

நூறு முனையில் எனக்குத் தேய்ந்தது நாலுதான்.

உருளைச் சாண்ட் பேப்பர். றப்பர் கட்டையில் மாட்டும் குழாய் மாதிரி இருக்கும். தும்புக்கும் உள்பக்கத்துக்கும் இதுதான் ராசா. சீக்கிரம் தேயும், தனியாக நிறைய வாங்குங்கள். சிரட்டையில் தேங்காய்ப்பூ ஒட்டியிருந்தால் எண்ணெய் ஏறி அடைத்துவிடும். நன்றாகக் காய்ந்த சிரட்டையை மட்டும் எடுங்கள்.

பூ கீறுவதற்கு உருண்டைத் தலை வைரமுனை. பென்சிலால் வரைந்து, குறைந்த வேகத்தில், தன் பக்கம் இழுத்துக் கீறுங்கள். தள்ளினால் வழுக்கி ஓடும்.

ஒரு மில்லிமீற்றர் துளைமுனை. தோட்டுக் கொக்கி போகும் இடத்தில் முதலில் ஆணி நுனியால் ஒரு குழி போடுங்கள், இல்லாவிட்டால் முனை சறுக்கிப் போய் உங்கள் பூவைக் கீறும். அடியில் பலகைத் துண்டு வைத்து, முன்பக்கத்திலிருந்து, மெதுவாக. பலகை இல்லாவிட்டால் பின்பக்கம் செதில் பெயரும்.

மினுக்க ஒரு கம்பளித் தட்டு. தோட்டுக்கு மினுக்கு மெழுகு பூசலாம். வாயில் வைக்கும் கரண்டிக்கு வேண்டாம், அதற்குத் தேங்காய் எண்ணெயே போதும்.

பெட்டியில் வரும் கம்பித் தூரிகையை 15,000 சுற்றுக்கு மேல் ஓட்டாதீர்கள், கம்பி பிய்ந்து பறக்கும். மெல்லிய வெட்டுத் தட்டுக்கள் பக்கவாட்டில் ஒரு அழுத்து அழுத்தினால் சிதறும். கண்ணுக்குக் கண்ணாடி இல்லாமல் சுவிட்சைத் தொடாதீர்கள். மூக்குக்கு கொரோனாக் கால N95 மாஸ்க், பின்னலைச் சுருட்டிக் கட்டுங்கள், துப்பட்டா வேண்டாம். சிரட்டைத் தூசு மா மாதிரி, நெஞ்சுக்குள் போய் இருந்துவிடும். சோளகம் அடிக்கும்போது காற்று பக்கவாட்டில் வருகிற மாதிரி இருங்கள். காற்றுக்கு முதுகைக் காட்டி இருந்தால் தூசு சுழன்று முகத்துக்கே வரும்.

சிரட்டைக்காரி

அண்ணை, இவ்வளவு விளக்கமாக எழுதியதற்கு நன்றி. பல்லி முட்டை என்ற இடத்தில் சிரித்துவிட்டேன், மன்னிக்க வேண்டும்.

இன்னொன்று. வேலிக்குக் கிடங்கு வெட்டும்போது அப்பாவுக்குப் பித்தளைத் துண்டு ஒன்று கிடைத்தது. விரல் நீளம், ஒரு பக்கம் அடைத்திருக்கிறது. கழுவி வைத்திருக்கிறோம். வெட்டுத் தட்டால் வளையமாக வெட்டினால் சிரட்டையைச் சுற்றிக் கட்ட அழகாக இருக்கும் என்று ஒரு ஆசை. இந்த மெஷின் பித்தளையை வெட்டுமா?

ஒற்றைக்கால் கொக்கு (மாங்குளம்)

வெட்டும். அதுதான் பயம்.

தங்கச்சி, அதை இனித் தொடாதீர்கள். கழுவிய வரைக்கும் போதும். இப்போது இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும், பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள். பொலிசுக்குச் சொல்லுங்கள், 119. கிடங்கு வெட்டிய இடத்தையும் காட்டுங்கள், வந்து பார்க்கும்வரை அப்பா அங்கே தோண்ட வேண்டாம். வெறும் தோட்டாக் கோதாகவும் இருக்கலாம். ஆனால் அதை நீங்களும் நானும் பார்த்துச் சொல்ல முடியாது. நிமிடத்துக்கு இருபதாயிரம் தடவை சுற்றும் தட்டை அதில் வைத்தால் சூடு ஏறும். அடைத்த பக்கத்துக்குள் என்ன இருக்கிறது என்று அப்போதுதான் தெரியும்.

வளையத்துக்குப் பித்தளைக் கம்பி கடையில் நிறையிலேயே வாங்கலாம்.

பரந்தன் பொடியன்

அக்கா, அண்ணை சொன்னதைக் கேளுங்கள். எனக்கு எழுத வேறொன்றும் இல்லை.

சிரட்டைக்காரி

மூன்று கிழமை கழித்து எழுதுகிறேன். அன்றைக்கே பொலிசுக்குச் சொன்னோம், வந்து எடுத்துக்கொண்டு போனார்கள். வேலிக்கிடங்கையும் பார்த்தார்கள்.

மெஷின் 12 வோல்ட்தான் எடுத்தேன், இரண்டு பற்றரி. முதல் சோடியில் ஒன்று கருகியது, ஒன்று துளையில் பிளந்தது. ஆணிக்குழி போட மறந்துவிட்டேன். இப்போது முப்பத்திரண்டு சோடி முடிந்திருக்கிறது. உள்பக்கத்தைக் கடைசியாக மினுக்குவதை மட்டும் இன்னும் கையால்தான் செய்கிறேன், மெஷின் மினுக்கு எனக்குப் பிடிக்கவில்லை, பிளாஸ்டிக் மாதிரித் தெரிகிறது. அது சரி, உங்கள் கால் இப்போது கடிக்கிறதா அண்ணை?

ஒற்றைக்கால் கொக்கு (மாங்குளம்)

கடிக்கவில்லை. நடக்கும்போது மட்டும் ஒரு சத்தம் போடுகிறது. மெஷினை எடுக்க மனுசி விடமாட்டேன் என்கிறா.