மாதக் கூட்டம்: கவிதை வாசிப்பு, எழுத்துப் பயிற்சி, உரை மூன்றும் ஒரே நாளில் முடியுமா?

வயற்காற்று:
வணக்கம். சுற்றுவட்டாரத்தில் ஏழெட்டு ஊர்களிலிருந்து 25 பேர் தேறுவார்கள். மாதம் ஒரு ஞாயிறு வகுப்பறை ஒன்று கிடைக்கும். பிற்பகல் 2 மணிக்குத் தொடங்கலாம். கடைசிப் பேருந்து 6.30-க்கு. கவிதை வாசிப்பு, எழுத்துப் பயிலரங்கு, வெளியூர்ப் பேச்சாளர் உரை மூன்றையும் அதற்குள் அடக்க முடியுமா? மைக் வேண்டுமா?

நாழிகை:
மூன்றும் முடியாது. இரண்டு முடியும், அதுவும் கறாராக இருந்தால்.

கடைசிப் பேருந்திலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். 6 மணிக்குக் கூட்டம் கலைய வேண்டும். 5.30 ஆனாலே ஆட்கள் பையைத் தேடத் தொடங்குவார்கள், அப்புறம் யார் பேசினாலும் காதில் ஏறாது. 2 மணி என்று அறிவித்தால் 2.20-க்குத்தான் பாதி நாற்காலி நிரம்பும். ஆக, கையில் மூன்று மணி நேரம்.

கவிஞருக்கு 3 நிமிடம். 1980-களில் சிகாகோவில் மார்க் ஸ்மித் தொடங்கிவைத்த 'ஸ்லாம்' என்கிற கவிதை வாசிப்புப் போட்டிகளிலும் இதே அளவுதான், மிஞ்சினால் 10 விநாடி சலுகை. எழுந்து வந்து தாளைப் பிரிக்க இன்னொரு நிமிடம். 12 பேருக்கு 48 நிமிடம் ஆகிறது. அதற்கு மேல் பெயர் கொடுப்பவர்களை அடுத்த மாதப் பட்டியலில் முதலில் போடுங்கள்.

நேரத்தைத் தின்பது கவிதை அல்ல, "இந்தக் கவிதை எப்படிப் பிறந்ததென்றால்" என்கிற முன்னுரை. அதுவும் அந்த 3 நிமிடத்துக்குள்தான் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். வரவேற்புரை 2 நிமிடம். வாழ்த்துரையே வேண்டாம், ஒருவருக்குக் கொடுத்தால் நால்வருக்குக் கொடுக்க வேண்டியிருக்கும்.

வரிசையைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்தால் மனஸ்தாபம் இல்லை. மும்மூன்று பெயராக அழைத்தால் அடுத்தவர் தயாராக இருப்பார். உரையை நடுவில் வையுங்கள். ஆறு பேர் வாசிப்பு, உரை 35 நிமிடம், கேள்விகள் 20, மீதி ஆறு பேர். கடைசியில் வைத்தால் வாசித்து முடித்தவர்கள் நழுவிவிடுவார்கள், பேச்சாளர் சுவரைப் பார்த்துப் பேசுவார்.

கார்வை:
25 பேருக்கு ஒரு வகுப்பறையில் மைக் தேவையில்லை. குரலை அமுக்குவது மின்விசிறி. வாசிப்பவர் தலைக்கு மேல் இருப்பதை மட்டும் நிறுத்துங்கள். நாற்காலிகள் அரைவட்டமாக, மூன்று வரிசை. வாசிப்பவருக்குப் பின்னால் சுவர் இருக்கட்டும். ஜன்னல் இருந்தால் வெளிச்சத்தில் முகம் கறுத்துத் தெரியும்.

கட்டாயம் மைக் என்றால், ஸ்பீக்கர் மைக்குக்கு முன்னால், பார்வையாளரைப் பார்த்தபடி இருக்க வேண்டும். பின்னால் வைத்தால் ஸ்பீக்கரின் ஒலி திரும்ப மைக்குக்குள் போய்ப் பெருகி ஊளையிடும். அப்போது பலரும் மைக்கின் தலையைக் கையால் பொத்துவார்கள். ஊளை அதிகமாகும், குறையாது. ஒலியளவைக் குறைத்துவிட்டு வாயை நான்கு விரல்கடைக்குக் கொண்டுவாருங்கள், கொஞ்சம் பக்கவாட்டில். நேராக ஊதினால் ஒவ்வொரு பகரமும் 'டப்' என்று வெடிக்கும்.

தாளில் வாசிப்பவர்கள் 16 புள்ளி எழுத்தில், ஒரு கவிதை ஒரே பக்கத்தில் வருமாறு அச்சிடுங்கள். போனில் வாசிப்பவர்கள் விமானப் பயன்முறையைப் போட்டு, திரை அணையாமல் அமைத்துக்கொள்ளுங்கள். உச்சகட்ட வரியில் அழைப்பு வந்தால் கவிதை அவ்வளவுதான்.

நேர்நிரை:
பயிலரங்கைத் தனி மாதமாக்குங்கள். அது 10 பேருக்கு மேல் தாங்காது. ஒரு படைப்புக்கு 20 நிமிடம் வீதம் இரண்டரை மணி நேரத்தில் ஆறு படைப்பு, நடுவில் ஓர் இடைவேளை. படைப்புகள் ஒரு வாரம் முன்பே எல்லோர் கைக்கும் போய்விட வேண்டும். அங்கே வந்து முதல்முறை படித்தால் கிடைப்பது "அருமை" மட்டும்தான்.

இன்னொரு பள்ளம் சந்திப்பிழை. 'ஒற்று மிகுமா மிகாதா' என்று ஆரம்பித்தால் அரை மணி போயிற்று. பென்சிலால் குறித்துத் தாளைத் திருப்பிக் கொடுங்கள், வாயால் பேச வேண்டாம்.

வயற்காற்று:
பயனுள்ள தகவல்கள், நன்றி. அந்த "அருமை"தான் பெரிய தலைவலி. குறை சொன்னால் அடுத்த மாதம் ஆள் வருவதில்லை. என்ன செய்வது?

நேர்நிரை:
நடனக் கலைஞர் லிஸ் லெர்மன் 1990-ல் வகுத்த நான்கு படி முறை இதற்கென்றே ஆனது. முதலில், படைப்பைப் படித்தவர்கள் அதில் எது மனத்தில் நின்றது என்று சொல்வார்கள். இரண்டாவது, எழுதியவர் தன் சந்தேகங்களைக் கேட்பார். மூன்றாவது, மற்றவர்கள் எழுதியவரைக் கேட்பார்கள், கேள்விக்குள் தீர்ப்பு ஒளிந்திருக்கக் கூடாது. "ஏன் இவ்வளவு நீளம்?" என்பது தீர்ப்பு. "மூன்றாம் பத்தி என்ன செய்ய வேண்டும் என்று நினைத்தீர்கள்?" என்பது கேள்வி. நான்காவதாகத்தான் கருத்து, அதுவும் "இந்த முடிவைப் பற்றி ஒன்று சொல்லலாமா?" என்று அனுமதி கேட்டு. எழுதியவர் வேண்டாம் என்றால் அங்கேயே விட்டுவிட வேண்டும்.

பலர் இரண்டாம் படியைத் தாவிவிடுகிறார்கள். அதுதான் உயிர்நாடி, தானே கேட்ட கேள்விக்கு வரும் பதில் யாரையும் சுடாது.

குறையை வரியோடு காட்டுங்கள். "தனிமையில் வாடினாள் கிழவி" என்று இருந்தால் 'உணர்ச்சி போதவில்லை' என்று சொல்வதில் பயனில்லை. வாடுவதை எப்படிப் பார்ப்பது என்று கேளுங்கள். "கிழவி இரண்டு தட்டு எடுத்தாள். ஒன்றைத் திரும்ப வைத்தாள்" என்று அவரே மாற்றி எழுதக்கூடும். அதற்கு அங்கேயே ஐந்து நிமிடம் கொடுங்கள், வீட்டுக்குப் போனால் செய்ய மாட்டார்.

நாழிகை:
ஒன்று விட்டுப்போயிற்று. அடுத்த கூட்டத்தின் தேதியை இந்தக் கூட்டம் கலையும் முன்பே அறிவித்துவிடுங்கள். 'மாதத்தின் இரண்டாம் ஞாயிறு' என்று நிலையாக இருந்தால் இன்னும் நல்லது. வாட்ஸாப்பில் "எந்த நாள் வசதி?" என்று கேட்டால் 25 பேரும் 25 நாள் சொல்வார்கள்.